அவரு சொல்றதுதான்

"தூக்கறதெல்லாம் வேணாம் டாக்டர். கெட்டுப்போனத மட்டும் மாத்திக் குடுங்க."

உள்ள வந்து நாற்காலில உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள சொல்லிட்டாரு கிருஷ்ணப்பா. என்னமோ ஸ்கூட்டர ரிப்பேருக்கு விட வந்த மாதிரி.

ரிப்பேரு பொண்டாட்டி ஜெயலட்சுமிக்கு. பெங்களூரு ஒக்கலிபுரத்து அம்மா. சில வருசம் முன்னாடி கான்சர்னு ஒரு பக்கத்து மார எடுத்துட்டு, அந்த எடத்துல சிலிக்கான் பைய வெச்சுத் தெச்சு அனுப்பியிருக்காங்க. அது இப்ப கொட்டாங்குச்சி கணக்கா இறுகி, மேல ஏறிக்கிச்சு.

கூடவே பொண்ணு வீணா. வைட்ஃபீல்டுல கம்ப்யூட்டர் ஆபீசு. கழுத்துல தொங்கற அட்டையக்கூட கழட்டாம ஓடி வந்திருக்கு.

நான் வனஜா, இந்த பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்குல ஆயா. பொம்பளைங்கள டாக்டர் பாக்கறப்ப கூட நிக்கறது என் வேலை. வாயத் தெறக்காம நிக்கறதும் என் வேலைதான். மொதல் வேலை ஈஸி.

"மொதல்ல பாக்கலாம், அப்புறம் பேசலாம்"னாரு டாக்டர். ஸ்கிரீனுக்குப் பின்னாடி கூட்டிக்கினு போனோம்.

டாக்டர் அளவு டேப்ப வெச்சாரு. இறுகின பக்கம் வெச்சப்ப அந்தம்மா சுவத்துல தொங்கற காலண்டரப் பாத்துக்கினு நின்னுச்சு. நல்ல பக்கம் வெச்சாரு பாருங்க, துள்ளிடுச்சு.

"ஐயோ, ஜில்லுங்குது!"

சிரிச்சிட்டு என் காதுல சொல்லுச்சு: "அந்தப் பக்கம் ஐஸ்கட்டி வெச்சாலும் தெரியாதுக்கா. மரக்கட்டை."

புடவைய சரிபண்ணிக்கினு மறுபடி மேசைக்கு வந்தோம். புருஷன் பக்கத்துல ஒட்டி உக்காந்துச்சு.

டாக்டர் கன்னடக்காரரு, கன்னடத்தையும் தமிழையும் ஒண்ணாப் பிசைஞ்சு பேசுவாரு. "நோடிம்மா, இங்க பாருங்க, பைய மாத்தியே ஆகணும். இன்னொரு பக்கத்த தூக்கித் தெக்கறது கட்டாயம் இல்ல. ஆனா வயசுக்கு அது எறங்கியிருக்கு. புதுசு மேல நிக்கும், இது கீழ நிக்கும். ரெண்டும் சமமா வேணும்னா தூக்கணும்."

"தூக்கிடுங்க டாக்டர்"னு முந்திக்கிச்சு பொண்ணு. "எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கினே நிக்கறாங்க. எனக்குப் பாக்கவே கஷ்டமா இருக்கு."

"தெச்சா இந்தப் பக்கமும் மரத்துப் போயிடுமா சார்?" அந்தம்மா மெதுவா கேட்டுச்சு.

"சிலருக்கு உணர்ச்சி போகும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

"போனா போவுதும்மா!"ன்னுச்சு பொண்ணு. "இந்த வயசுல உனக்கு அதெல்லாம் எதுக்கு?"

அந்தம்மா தரையப் பாத்துச்சு.

கிருஷ்ணப்பா நாற்காலில நெளிஞ்சாரு. "வேணாம் டாக்டர்."

"ஏம்பா வேணாம்?"னுச்சு பொண்ணு.

"வேணாம்னா வேணாம். அழகுப்போட்டிக்கா போவப்போறா?"

டாக்டருக்கே முகம் மாறிப்போச்சு. அவர விட்டுட்டு அந்தம்மா பக்கம் திரும்புனாரு. "உடம்பு உங்களுது. நீங்க சொல்லுங்கம்மா."

"அவரு சொல்றதுதான் சார்."

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஒடம்பு இவளுது, வாயி அந்தாளுதா? இந்த மாதிரி பொம்பளைங்களாலதான் இந்த மாதிரி ஆம்பளைங்க கொழுத்துப் போறானுங்க. நெனைச்சேன், சொல்லல. சம்பளம் வேணும் இல்ல?

பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சு. "அப்பா, செலவு நான் பாத்துக்கறேன். லீவு போட்டு நானே கூட இருந்து பாத்துக்கறேன். உங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல. அப்புறம் என்ன?"

மனுசன் கொஞ்சம் எளகுனாரு. "இல்லம்மா வீணா... நீ இவ்ளோ சொல்றப்ப... சரி, வேணும்னா..."

மறுபடியும் ஒரு நெளி நெளிஞ்சாரு. "வேணாம்!"

மூலம் கீலம் இருக்கும்போல. வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா துள்றாரு.

"அம்மாவுக்குன்னு ஒரு மனசு இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" பொண்ணு எழுந்து நின்னுக்கிச்சு. "என்ன வேணும்னு ஒரு தடவையாச்சும் அவங்களக் கேட்டிருக்கீங்களா?"

கிருஷ்ணப்பா மேசையப் பாத்தாரு. பொண்ணு மூஞ்சியப் பாக்கல.

"இல்ல. கேட்டதில்ல."

"கேட்டீங்களா டாக்டர்? இதான் எங்கப்பா. அப்பா, இனிமே எங்கிட்ட பேசாதீங்க நீங்க."

ஒத்துக்கறதுலயும் வெக்கமில்ல பாரு மனுசனுக்குன்னு நான் பல்லக் கடிச்சேன். கடுப்புல டாக்டரும் கையிலிருந்த மார்க்கர் பேனாவப் பொத்துனு மேசமேல போட்டாரு. அது உருண்டு கீழ வுழுந்து உள்ள போயிடுச்சு.

"வனஜா, எடு அத."

குனிஞ்சு மேசைக்கடியில பூந்தேன்.

எல்லாரும் செருப்ப வாசல்ல விட்டுட்டு வர்ற எடம் அது. வெறுங்காலு. பேனா கிருஷ்ணப்பா காலுகிட்ட கெடந்துச்சு. அவரு கால்விரலு செவந்துபோயி இருந்துச்சு. அதுமேல, மெட்டி போட்ட ஒரு காலு ஏறி உக்காந்துக்கினு இருந்துச்சு.

மேல டாக்டர் குரலு: "கடைசியா கேக்கறேம்மா. உங்க இஷ்டம் என்ன?"

"எனக்கு என்ன சார் தெரியும். அவரு சொல்றதுதான்."

கீழ, மெட்டிக் காலு ஓங்கி ஒரு அழுத்து அழுத்துச்சு.

"வேணாம் டாக்டர்"னாரு கிருஷ்ணப்பா. "எங்க வீட்ல நான் சொல்றதுதான்."