கீழ்க்கோட்டுக்கும் கீழே

லாரி எஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிய அண்ணன் அதைத் துணியால் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவினார். ஆயில் கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை.

"போன வெள்ளிக்கிழமை மேல்கோடு வரைக்கும் ஊத்தினேன். நீயே பாரு" என்று கம்பியைத் தம்பியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

தம்பி பார்த்தான். அவன் ஆறு வருடம் ஓட்டிய லாரி அது. பெயிண்ட் கடை வைத்தபோது, வெளியாள் கைக்குப் போக வேண்டாமென்று அண்ணனுக்கே விலைக்குக் கொடுத்திருந்தான்.

"என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரு ஆயில் சர்வீஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல அரை லிட்டர்கூட ஊத்தினதில்லண்ணே."

"அப்ப நான் குடிச்சிட்டேனா?"

இரண்டு மாதமாக இதே கதை. வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் மாயமாகப் போகிறது. மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒழுகல் இல்லை. எஞ்சினை முறுக்கிப் பார்த்தார். புகை இல்லை. ரேடியேட்டர் தண்ணீரிலும் ஆயில் கலக்கவில்லை. "இது வீட்டுக்குத் தெரியாம குடிக்கிற வண்டி சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்ட வண்டியை நம்பி நெடுந்தூரம் போக முடியுமா? ஆயில் வற்றி எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் நடுரோட்டில் உட்கார வேண்டியதுதான். வெளியூர் லோடுகளை அண்ணன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். செங்கல், மணல், ஜல்லி என்று பக்கத்திலேயே சுற்றி, ஆறு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுகிறார்.

தம்பி வண்டியைப் பற்றிப் பேச வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாணம். அப்பா, அம்மா இரண்டு பேருமே இல்லை. அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும்.

"தெரிஞ்சேதான் என் தலையில கட்டினேன்னு ஒத்துக்கோ, வரேன். இல்லேன்னா உன் கல்யாணத்த நீயே பண்ணிக்கோ."

"செய்யாதத எப்படிண்ணே ஒத்துக்கிறது?" தம்பி ஒரு எட்டு முன்னால் வந்தான். "ஒண்ணு பண்ணுங்க. வண்டிய ஒரு வாரம் என் கடை வாசல்ல விடுங்க. உங்க லோடெல்லாம் நானே அடிக்கிறேன். தினமும் கம்பி பாத்து எழுதி வைக்கிறேன். ஒரு சொட்டு குறைஞ்சாலும் என்னைச் செருப்பால அடிங்க."

அண்ணன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இந்த மாதிரி ஒரு பேச்சுக்காகவே இரண்டு மாதம் காத்திருந்தவர் போல, முகம் லேசாக இளகியது.

அப்போதுதான் அண்ணி பின்வாசல் வழியாக இறங்கி வந்தாள்.

அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. தலை வாரி, மூக்கைத் துடைத்துப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அண்ணன் கை ஓங்கிய போதெல்லாம் நடுவில் வந்து நின்றவளும் அவள்தான்.

அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"உங்க அண்ணனை உனக்குத் தெரியாதா தம்பி? வெறும் வீம்பு. உள்ள ஒண்ணும் கிடையாது. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு, அஞ்சு நிமிஷத்துல ஆறிடுவாரு. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

"பொய்யாச்சே அண்ணி."

"எனக்காகச் சொல்லு."

அவளுக்காக அவன் எதையும் சொல்வான். திரும்பிப் போய், லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் கொடுத்தேன்."

அண்ணன் கத்தவில்லை. கம்பியை அதன் குழாயில் மெதுவாகச் செருகினார்.

"நீ இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தே பாரு, அதுனாலதான்டா நான் இத்தனை நாள் தூங்கினேன்" என்றார். "போ. இனிமே இந்தப் பக்கம் வராதே."

தம்பி அண்ணியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பைக்கைத் தள்ளிக்கொண்டு தெருவரை நடந்தான். ஸ்டார்ட் பண்ணக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

சமையலறைக்குள் வந்த அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை தோறும் காலையில் அவர் குளிக்கிற நேரம் பார்த்து அவள் லாரிக்கு அடியில் படுப்பாள். ஆயில் வடிக்கிற நட்டைத் தளர்த்துவாள். பழைய டின்னில் ஒன்றரை லிட்டர் விழுந்ததும் இறுக்கிவிட்டு, சொட்டுக்கூட நிற்காமல் சுற்றிலும் துடைப்பாள். அவர் தலை துவட்டி வருவதற்குள் உலையில் அரிசி போட்டிருப்பாள்.

முன்பு அவர் முதலாளி வண்டி ஓட்டிய காலத்தில் அவளுக்கு இரண்டு முறை வலி வந்தது. இரண்டு முறையும் அவர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். இரண்டு முறையும் அவர் திரும்பி வந்தபோது, தொட்டில் வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது மூன்றாவது. நான்காம் மாதம். இந்தத் தடவையாவது பக்கத்தில் இருங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். "லோடு காத்திருக்காதும்மா" என்று சிரித்துவிட்டார்.

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"பழைய முதலாளிக்குப் போன் போட்டேன். இந்த வண்டியப் பாத்தாலே தம்பி மூஞ்சிதான் தெரியுது, எனக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பணும். தூர லைன். திரும்ப இருபது நாள் ஆகும்."

அவள் சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள்.

அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். அவ்வளவு மென்மையாக அவர் அவளைத் தொட்டு வெகுநாளாகியிருந்தது.

"நல்லவேளை, நீ கூப்பிட்டுப் பேசினே" என்றார். "இல்லேன்னா கடைசிவரைக்கும் அவன் வாயிலேர்ந்து உண்மை வந்திருக்குமா?"