முதுகுவலி

இடுப்புக்குக் கீழே எது வலித்தாலும் அதன் பெயர் முதுகுவலி.

விடைத்தாள் திருத்தும் மையத்தின் ஏழாம் அறையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. மாதவிலக்கு, முதுகுவலி. மூலம், முதுகுவலி. கருப்பை இறங்கியிருந்த குமுதவல்லி டீச்சருக்கும் ஆறு வருடங்களாக முதுகுவலிதான்.

விலங்கியல் தாள் திருத்த வந்திருந்த அவளுக்கும் அதுவே.

மூன்றாம் நாள் காலை. நான்காவது தாள்.

உட்கார்ந்து பதினெட்டு நிமிடங்கள் ஆகியிருந்தன. இருபதுவரை தாங்கும். அதற்கப்பால், தொடைகள் சேரும் இடத்தில் சூடான கூழாங்கல் ஒன்றை வைத்து அதன்மேல் அவளை இறக்கியதுபோல் ஆகும். பிறகு கல்லும் இராது. மரத்துப்போன ஓர் இடம். அதைச் சுற்றி எரிச்சல்.

நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். இரண்டு வருட ஆன்லைன் வகுப்புகள். அதன்பின் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரின் விவரங்களையும் கணினியில் ஏற்றும் வேலை. அதுவும் அவள் தலையில் விழுந்தது. உட்கார்ந்தே வந்தது, நின்றால் அடங்கும் என்றார். மேலும் அழுத்தினால் போன உணர்வு திரும்பாது என்பதையும், மருந்துச் சீட்டை எழுதியபடியே சொன்னார்.

அழுது பார்த்ததும் உண்டு. இப்போது அவள் நேரம் மட்டும் பார்க்கிறாள்.

வீட்டில், மேற்கத்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் வலிக்காது. நடுவில் எதுவும் அழுத்துவதில்லை. அரையாண்டுத் தேர்வுத் தாள்களை அவள் அங்கேதான் திருத்தினாள், கதவைத் தாழிட்டுக்கொண்டு.

கணவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார்.

அவள் இரண்டு தின்றாள்.

முதல் நாள் அவள் முதுகுவலி என்றதும் இந்த அறை பதறித்தான் போனது. குமுதவல்லி தன் பஞ்சுத் திண்டைக் கொடுத்தார். யாரோ தைலம் நீட்டினார்கள். தலைமையாசிரியர் அறையிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி வந்து சேர்ந்தது. சாய்ந்து உட்காரச் சொன்னார்கள். நன்றாக உட்காரச் சொன்னார்கள். சும்மா சும்மா எழுந்திருக்காமல் உட்காரச் சொன்னார்கள்.

அத்தனை அன்பின்மேலும் அவள் உட்கார்ந்தாள்.

இந்த அறையின் மேசைகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. நின்றால் தாள் முழங்காலருகே கிடக்கும். ஆனால் தாழ்வாரத்துக்கு எதிரே ஆய்வகம் இருந்தது. ஆளின் வயிற்றளவு உயரத்தில் ஒரு கடப்பைக்கல் மேடை, சன்னல் ஓரமாக. நின்றபடியே திருத்தலாம். அறை வாசலை விடைத்தாள் தாண்டுவதற்கு முகாம் அலுவலரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் காரணம் வேண்டும்.

இன்னும் ஒன்பது நாட்கள். நாளொன்றுக்கு இருபத்துநான்கு தாள்கள். நடுவில் விட்டுப் போனால் விளக்கம் கேட்டு ஓலை வரும்.

இருபத்து மூன்றாவது நிமிடம்.

அவள் ஐந்தாவது தாளைப் பிரித்தாள். விலங்கியல். இனப்பெருக்க மண்டலம், படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். எந்த ஊர்ப் பிள்ளையோ, படத்தை அத்தனை அழகாக வரைந்திருந்தது. ஒவ்வொரு பாகத்திலிருந்தும் அடிக்கோல் வைத்து அம்புக்குறி இழுத்திருந்தது.

அம்புகளின் நுனியில் எதுவும் இல்லை.

அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பக்கம் புரட்டுகிறவள்தான் அவளும். படத்துக்குரிய மதிப்பெண்ணைப் போட்டாள். பெயர்களுக்குச் சுழி போட்டாள். பேனாவை மூடினாள்.

எழுந்தாள்.

முதன்மைத் தேர்வாளர் தணிகாசலம் நல்ல மனிதர். ஆய்வகத்தில் திருத்த அனுமதி வேண்டும் என்று அவள் கேட்டதும், கடிதத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் பெயர், பள்ளி, பாடம் எல்லாம் எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முதுகுவலின்னு போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க டீச்சர். போன வருஷம் இந்த ஒரு ரூம்லேருந்தே பதினோரு முதுகுவலி போச்சு. வேற எதனா சொல்லுங்க."

கழுத்துத் தேய்மானம் என்று போடச் சொன்னார் குமுதவல்லி, பின்னாலிருந்து. அவருக்கு ஒருமுறை அதில் விடுப்பே கிடைத்ததாம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கழுத்து நல்ல யோசனை. யார் முன்னாலும் சொல்லலாம், தொட்டும் காட்டலாம். ஆனால் கழுத்து வலிக்காரியை எந்த முகாம் அலுவலரும் நிற்கவைக்க மாட்டார். இதைவிட நல்ல நாற்காலி ஒன்று வரும்.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்ற முகம்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று வகுப்பில் எப்படிப் பேசுவாளோ, அப்படிச் சொன்னாள்.

"முதுகு இல்ல சார். பிறப்புறுப்பு. அங்கேருந்து ஆசனவாய் வரைக்கும் போற நரம்பு. உக்காந்தா நசுங்குது."

பதினாறு பேரில் ஒருவர்கூடத் தாள் புரட்டவில்லை.

தணிகாசலம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா முனை பட்ட இடத்தில் மை ஊறிப் புள்ளியாகப் பெருத்தது.

"அப்படியே எழுதுங்க சார்," என்றாள். "நான் நிக்கறேன்."