பிடித்துப்போன குழிகள்

டிராவர்டைன் என்பது மேலெல்லாம் பொடிப்பொடியாகக் குழி விழுந்த கல். கடையில் மங்கையர்க்கரசி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இந்தக் குழிங்கதான் அழகு. எவ்வளவு இயற்கையா இருக்கு!" சொன்னது சாட்சாத் அவளேதான். கல்லுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹாலில் பதித்த மறுநாளே, "குழியில அழுக்கு சேருமே" என்று அத்தனையையும் பசை வைத்து அடைக்கச் சொன்னாள். மேலே பாலிஷும் போடவைத்தாள். கல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்னப்பா குறைச்சல்? ஹால்ல ராஜா மாதிரி இருக்கே" என்றது குளியலறைச் சுவரிலிருந்த டைல். அந்தக் கல்லைப் போலவே படம் அச்சடித்த டைல் அது.

"வாயில நல்லா வருது எனக்கு! பிடிச்சிருக்குன்னு கூட்டிட்டு வந்தா. எது பிடிச்சிருந்துச்சோ அதையே அடைச்சிட்டா. வழவழன்னுதான் வேணும்னா என்னை எதுக்கு மலையிலேர்ந்து பெயர்க்கணும்?"

டைல் வாய் திறப்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மங்கையர்க்கரசி கல்லை மிதித்துக்கொண்டே அவர்களை நேராகக் குளியலறைக்கு அழைத்துப்போய், டைலைப் பெருமையாகத் தடவிக் காட்டினாள்.

"பாருங்களேன், குழிகூட அப்படியே அசல் மாதிரி இருக்கில்ல?"