கூட்டுரோட்டில் மறியல்

"ஏத்துய்யா! எங்க மேல ஏத்திட்டு அப்புறம் பாலத்துல ஏறு!"

மேம்பாலத்தின் அடிவாரத்தில், பஸ்ஸை மறித்து நின்ற கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து தையல்காரி கத்தினாள். அவளுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் பள்ளிச் சீருடையோடு மகள்.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி நில்லுங்கம்மா. அப்பதான் எடுபடும்" என்று நிறுத்தியிருந்தார் வியாபாரிகள் சங்கத் தலைவர்.

சொல்லாவிட்டாலும் அவள் நின்றிருப்பாள். பஸ் கீழே வராமல் பாலத்தின் மேலேயே போகத் தொடங்கிய நாளோடு மகளின் படிப்பு நின்றுபோயிற்று. நாற்காலியைக் கண்டாலே ஷேர் ஆட்டோக்காரர்கள் கையை விரித்தார்கள்.

"எங்க அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துன இடம்யா இது!" தலைவர் முழங்கினார். "சூடு ஆற பஸ் நின்னுச்சு. பஸ் நின்னதால கடை வந்துச்சு. கடையால ஊரு வந்துச்சு. இன்னிக்கு ஈ ஓட்டிட்டு இருக்கோம்!"

டிரைவர் இறங்கி வந்தார்.

"உன் பிள்ளையா இருந்தா இப்படி விட்டுட்டுப் பறப்பியா? நெஞ்சுல ஈரமே இல்லையா?" தையல்காரி சீறினாள்.

"திட்டு தங்கச்சி, வாங்கிக்கறேன். ஆனா மேல போகணும்னு நானா முடிவு பண்ணலை."

"பின்னே? உங்க அதிகாரியா?"

"அவரும் இல்லை. பஸ் நின்னா கடை வாசல்ல கார் நிறுத்த இடமில்லையாம். பஸ்ல வர்றவன் ஒரு டீயோட போயிடுவானாம், கார்ல வர்றவன்தான் கை நிறைய வாங்குவானாம். டிப்போவுக்கே வந்து, கால்ல விழாத குறையாக் கெஞ்சினாங்க. பஸ் மேல போச்சு. பாலத்து ருசி கண்டு பின்னாடியே காரும் போயிடுச்சு!"

"யாரு கெஞ்சினது?"

"உனக்குப் பின்னாடிதான் நிக்கறாங்க."

அவள் திரும்பினாள். இவ்வளவு நேரம் விண்ணைப் பிளந்த கடைக்காரர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நகர்ந்தார்கள்.

பிறர் துயரை முன்னால் நிறுத்தி, தன் கல்லாவை அதன் பின்னால் ஒளித்து வைக்கிறவனுக்கு எந்தக் கோஷம்தான் கைகொடுக்கும்?

"அது... அப்போ வியாபாரம் இருந்த நிலைமைம்மா..." தலைவர் இழுத்தார்.

தையல்காரி மகளை பஸ் படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை டிரைவர் பிடித்தார். மகள் பஸ்ஸுக்குள் ஏறினாள்.

"ஏம்மா, மறியல் இன்னும் முடியலையே!" பஸ்ஸின் முன்னால் நின்றபடி தலைவர் பதறினார்.

படியில் நின்று அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள் அவள்.

"வழி விடுங்க. என் பிள்ளை போற பஸ்ஸை இத்தனை நாள் நீங்க மறிச்சது போதும்."