இருப்பு

"ஏங்க, இந்த மெஷின்லயும் கொஞ்சம் எடுத்துக்கறேனே?"

கணவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளிநாட்டு ஊர், அதிலும் சீசன் நேரம். கடைவீதியில் இரண்டு ஏடிஎம்களில் பணம் காலி. மிச்சமிருந்த ஒன்றின் முன்னால் அனுமார் வால் மாதிரி வரிசை. வெயில் மண்டையைப் பிளந்தது.

"நேத்து எடுத்தே. அதுக்கு முந்தின ஊர்லயும் எடுத்தே. ஒவ்வொரு தடவையும் கமிஷன் புடுங்கறான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!"

"படகுக்காரன் ரொக்கம்தான் வேணும்னு சொல்றானே?"

"அதுக்கு என் கார்டு இருக்கு. மொத்தமா எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

"வேண்டாங்க. என் கார்டுலயே எடுக்கறேன்."

கல்யாணத்துக்கு முன்னால், அவள் வேலைக்குப் போன புதிதில் ஆரம்பித்த கணக்கு. அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது என்று அவனுக்கும் தெரியும்.

"பிடிவாதத்துல அப்படியே உங்கப்பா!"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் முகம் சுண்டிப் போனது. அவனுக்கே சுருக்கென்றது.

அவனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, "எனக்குப் பொண்ணே பொறக்கலை" என்று கதவைச் சாத்தியவர் அவள் அப்பா. போன் செய்தால் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுவார். பிறகு அவள் நம்பரிலிருந்து அழைப்பே போகாதபடி செய்துவிட்டார். விமானத்தில் ஏறும்போது எல்லோரும், "ஏறிட்டோம், கவலைப்படாதீங்க" என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, இவள் மட்டும் போனை வெறுமனே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வா. நிப்போம்" என்றான் தணிந்து.

வரிசை நத்தையாய் ஊர்ந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் போனில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். பாஷை புரியவில்லை. வீட்டுக்குத்தான் பேசுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. மனைவி அவள் வாயையே பார்த்தபடி நின்றாள். அவன் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஒருவழியாக அவள் முறை வந்தது. மெஷின் நோட்டுகளைத் தள்ளியது. அவள் எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவனே பணத்தை உருவிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தான்.

"என்னம்மா, கணக்கு காலியா? போனா போகுது, விடு. அதான் நான் இருக்கேன்ல?"

"காலி இல்லீங்க." அவள் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஏறியிருக்கு. நேத்து எடுத்தது, அதுக்கு முன்னாடி எடுத்தது, எல்லாம் திரும்ப வந்திருக்கு. மேற்கொண்டும் இருக்கு."

"அதெப்படி? யார் போட்டிருப்பாங்க? நீ பணம் எடுக்கறது யாருக்குத் தெரியும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

"அந்தக் கணக்குக்கு அப்பா நம்பரைத்தாங்க குடுத்திருக்கேன். நான் எந்த ஊர்ல பணம் எடுத்தாலும், ஊர் பேரோட அவர் போனுக்கு மெசேஜ் போயிடும்."