மாலதி மண்டல்

"உள்ளே போனதும் என்னை அம்மான்னு கூப்பிட்டுடாதே," என்றாள் ஜெயமணி.

சுசீலா தலையாட்டினாள். அவளுக்குப் பத்து வயது. கப்பலில் இரண்டு நாளாக இதே பாடம்தான்.

"மாசி, மாசி, மாசி," என்று பெங்காலிப் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுவதுபோல் இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். "சரியா இருக்காம்மா?"

"அம்மாங்காதே."

போர்ட் பிளேர் பள்ளியின் வராந்தாச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லாத் தீவுப் பிள்ளைகளும், எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கட்டும் என்று தொடங்கிய பள்ளி. யாருக்கு எத்தனை இடம் என்று அந்தத் தாளில் இருந்தது. தீவிலேயே பிறந்த பழைய குடும்பங்களுக்கு இத்தனை. நிக்கோபாரிகளுக்கு, கரேன்களுக்கு, ராஞ்சிக்காரர்களுக்கு இத்தனை இத்தனை.

மெயின்லேண்டிலிருந்து பிழைக்க வந்த தமிழர், தெலுங்கர், மலையாளிகள் எல்லாருக்கும் சேர்த்து இரண்டே இடம். மரைன் ஹில் குவார்ட்டர்ஸிலிருந்து மட்டும் நாற்பது மனு வந்திருந்தது.

திக்லிபூர் பெங்காலிக் குடியேறிகளின் பெண் பிள்ளைக்கு ஓர் இடம். அதற்கு யாரும் வரவில்லை.

அவர்கள் ஊரான திக்லிபூரில் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வயல், விறகு, கல்யாணம். வாத்தியார் மூன்று முறை வீட்டுக்கு வந்து, "இவளை இங்கயே முடக்கிடாதீங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயமணியின் கணவன் உதயசூரியன் காட்டிலாகாவில் மரம் அறுப்பவன். வழியனுப்பக்கூட அவன் துறைக்கு வரவில்லை.

"நீ போய் என்ன வேணா சொல்லு. நான் அங்க நின்னு கேக்க மாட்டேன்."

கப்பலில் முதல் நாள், புதுப் பெயரைச் சொல்லிக்கொடுத்தபோது சுசீலா விழுந்து விழுந்து சிரித்தாள். "மாலதி மண்டலா? ஸ்கூல்ல எல்லாரும் மண்டைன்னு கூப்பிடப் போறாங்க!"

ஜெயமணி அவள் கன்னத்தில் அறைந்தாள். அதுவரை அந்தப் பிள்ளையை அவள் தொட்டு அடித்ததில்லை.

"அந்தப் பேரைக் கேலி பண்ணாத."

உள்ளே இருந்த குமாஸ்தாவும் பெங்காலிதான். ஜெயமணி துணிப்பையிலிருந்து குடியேறிகளின் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். ஓரமெல்லாம் பூஞ்சை தின்றிருந்தது. 1954 என்று தேதி. மூன்று பெயர்கள். இரண்டை யாரோ சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். மூன்றாவது, மாலதி, பெண், வயது ஒரு மாதம்.

பள்ளிச் சான்றிதழில் சுசீலா என்று இருக்கிறதே என்றார் குமாஸ்தா.

ஜெயமணி வாய் திறப்பதற்குள் சுசீலா முந்திக்கொண்டு பெங்காலியில் பதில் சொன்னாள். அது வீட்டில் கூப்பிடுகிற பெயராம்.

குமாஸ்தா சிரித்துவிட்டார். அவர்களில் எல்லாருக்கும் வீட்டுக்கு ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். சுசீலாவின் சிநேகிதிகளுக்கும் அப்படித்தான்.

"பாபா? மா?" என்று கேட்டார்.

"நேய்," என்றாள் சுசீலா. இல்லை.

சொல்லிக்கொடுத்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள். மேசைக்கடியில் அவள் கால் கட்டைவிரல் ஜெயமணியின் பாதத்தை அழுத்தியது. சிரிப்பை அடக்குகிறாள்.

இவர் உனக்கு யார் என்று கேட்டார்.

"மாசி."

ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

உறவு என்ற இடத்தில் குமாஸ்தா எதையோ எழுதிவிட்டு, ஜெயமணிக்காக இந்தியில் படித்துக் காட்டினார். "படோசி." பக்கத்து வீட்டுக்காரி. அதற்கு நேரே ஜெயமணி தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

இடம் கிடைத்துவிட்டது.

வாசல் கேட்டைத் தாண்டும்வரை சுசீலா வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். தாண்டியதும் ஜெயமணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"லீவுக்கு வருவேன்ல, அப்போ துறையில உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

"மாசிதான். யாராவது பாத்துட்டு இருப்பாங்க."

"வீட்டுல?"

ஜெயமணி அட்டையைத் துணியில் சுற்றி மடியில் செருகினாள்.

பத்து வருடங்களுக்கு முன், திக்லிபூரில் குடியேறிகளின் ஷெட்டில், புருஷனை எரித்த மறுநாள், அதே காய்ச்சலில் கிடந்த ஒருத்தி, பிள்ளையைச் சுற்றிய துணிக்குள் இந்த அட்டையைச் செருகித்தான் ஜெயமணியிடம் நீட்டினாள். பெயரையும் சொன்னாள். ஜெயமணி அந்தப் பெயரால் பிள்ளையை ஒரு நாளும் கூப்பிடவில்லை. அந்த மழைக்காலம் முடிந்ததும் உதயசூரியன் பாராடாங் காட்டு முகாமுக்கு மாற்றல் கேட்டு வாங்கினான். ஐந்து வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது, பிள்ளை அவர்களுடையதாக இருந்தது.

"அந்தப் பெங்காலி மாமா கடைசி வரைக்கும் நம்பிட்டாரு பாரு," என்றாள் சுசீலா. "நல்லா ஏமாத்திட்டோம்ல? சொல்லும்மா. ஏமாத்திட்டோம்தானே?"

"ஆமாடி," என்றாள் ஜெயமணி. "ஏமாத்திட்டோம்."