கொக்கு

பேனா கீழே விழுந்தது.

அதிகாரி குனியவில்லை. நானும் அசையவில்லை.

ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் எனக்கு அரசாங்க உதவியாள் தேவையா என்று ஆய்வுக்கு வந்தவர் சாவிக்கொத்தைத் தவறவிட்டார். பாவம் மனுஷன் என்று சக்கர நாற்காலியில் இருந்தபடியே கொக்கால் எடுத்துக் கொடுத்தேன். வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் சாயங்கால உதவியாளை நிறுத்திவிட்டார்கள். தரையில் கிடப்பதைத் தானே எடுக்கிறாளாம், ஆள் எதற்காம்.

கொக்கு என்பது ஒரு நீளக் குச்சி. கைப்பிடியை அழுத்தினால் நுனியில் இருக்கும் அலகு கவ்வும். பெயர் நான் வைத்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. இப்போது கொக்கு என் கட்டிலில் போர்வைக்கு அடியில் படுத்திருக்கிறது. காலையில் வரும் உதவியாள் அக்காதான் மூடிவிட்டுப் போனாள். போகும்போது பாடமும் எடுத்தாள். எல்லாம் முடியும் என்று காட்டினால் என்னையும் நிறுத்திவிடுவார்கள், ஒன்றுமே முடியாது என்று காட்டினால் உன்னைக் காப்பகத்தில் தள்ளிவிடுவார்கள், நடுவில் நில் என்றாள். யாரைப் பார்த்து நிற்கச் சொல்கிறாய் என்று கேட்டேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அக்கா வராவிட்டால் என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஆளில்லை. மறுபடியும் அண்ணன் வீடுதான். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அண்ணி போன் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் இந்த ஒற்றை அறையைப் பிடித்தேன். இதை விட்டுப் போக மாட்டேன்.

அதனால் இந்த ஆளை வாசலிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு மணி கண்ணெதிரே இருக்க, கதவைத் தோளால் இடித்தார். நான் எவ்வளவு சீக்கிரம் வந்து திறக்கிறேன் என்று பார்க்கத்தான்.

ஃபைலை என் மடியில் வைத்து, நாடாவை நீங்களே பிரியுங்கள் என்றார். விரல்களை நோட்டம் விடுகிறார். வேண்டுமென்றே தடவித் தடவிப் பிரித்தேன்.

கேள்வியை அவர் கேட்டார், டிக்கை என்னையே போடச் சொன்னார். பக்கத்தையும் நானே திருப்பினேன். நாளைக்கு ஏதாவது என்றால் எல்லாம் என் கையெழுத்தாக இருக்கும். கெட்டிக்காரர்.

அக்கா வைத்துவிட்டுப் போன தண்ணீரை அவர் தொடவே இல்லை. ஆனால் என் டம்ளரில் இருந்த ஸ்ட்ராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்த வலது கை. உட்கார்ந்ததிலிருந்து கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே போனில் பதிவு ஓடுகிறது, வேறென்ன. கூட வந்த கிளார்க் வேறு வாசலுக்கு வெளியே நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். அதுவும் நாடகமோ என்னவோ.

கடைசிக் கேள்வி: தரையில் விழுந்த பொருளை எடுக்க முடியுமா?

முடியாது என்பதில் டிக் போட்டேன். கொக்கு இல்லாமல் என்றால் அது நிஜம்தான்.

இனி அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. பையிலிருந்து பேனாவோடு கையை எடுத்தார். பேனா விழுந்தது. கை மறுபடியும் பைக்குள் போய்விட்டது.

கேள்விக்கு டிக் போட்ட கையோடு பேனா விழுகிறது. யாரிடம் விளையாடுகிறார்? கல்லுளிமங்கி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேனாவையே பார்த்தோம்.

கடைசியில் அவரே குனிந்தார். இடது கையால் தொட்டார். பேனா உருண்டது. மறுபடியும் தொட்டார், விரல்கள் மடங்கவில்லை. பேனா வழவழப்பான தரையில் ஓடி என் சக்கரத்தில் முட்டி நின்றது.

அடேயப்பா, இப்படியும் நடிப்பார்களா என்று நினைத்தேன்.

அவர் நிமிரவில்லை. பின்கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. காலில் நாடா இல்லாத செருப்பு. சட்டையின் கைப் பித்தான்கள் இரண்டு பக்கமும் போடாமல் தொங்கின. மெல்லிய பொருள், வழவழப்பான தரை, பிடிக்காத விரல். எனக்கு நோய் வந்த முதல் வருஷம் நானும் இப்படித்தான் ஒரு சீப்பைத் துரத்தினேன். அறையில் வேறு யாரும் இல்லாதபோது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமும் போகவில்லை.

போர்வையை விலக்கிக் கொக்கை எடுத்தேன். ஒரே கவ்வு. பேனாவை அவரிடம் நீட்டினேன்.

நான் போட்ட டிக்கை அவர் பார்த்தார். கொக்கைப் பார்த்தார். பேனாவை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வாங்கிக்கொண்டார்.

"இது எங்கங்க கிடைக்கும்?"

கொக்கு வாங்கின பில்லைச் சாட்சியாகக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். "யாருக்கு சார்?" என்றேன்.

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆபீசுக்குத் தெரியாதுங்க."

கடையைச் சொன்னேன். பேனாவை முஷ்டிக்குள் வைத்து, சின்னக் குழந்தை மாதிரி கையெழுத்துப் போட்டார். டிக் போட்ட இடத்தில் அவர் எதையும் மாற்றவில்லை.

கிளார்க் தலையை நீட்டி, ஏதோ விழுந்த சத்தம் கேட்டதே என்றார்.

"ஒண்ணும் விழலையே," என்றேன்.

அதிகாரி ஃபைலை என் மடிக்குத் தள்ளினார். இந்தத் தடவை தடவாமல் நாடாவை மளமளவென்று கட்டினேன். முடிச்சாக இல்லை. பல்லால் இழுத்தாலும் பிரிந்துவிடுகிற சுருக்காக.